தனகோட்டி கடைந்த பிளாக்

செஞ்சியில் இன்ஜின் பழுது என்றால் தனகோட்டியின் லேத் பட்டறைதான். நாலாம் வகுப்போடு நின்றவர். விழுப்புரத்தில் இரும்புப் பொடி கூட்டிப் பிழைத்து, சொந்த லேத் வாங்கி நிமிர்ந்தவர். யாரும் கேட்காவிட்டாலும் அதைச் சொல்வார். வயது எழுபதை நெருங்குகிறது. நின்றால் முட்டி வலி, உட்கார்ந்தால் இடுப்பு வலி.

தொண்டூர் அம்மாக்கண்ணு, வெடித்துப்போன டீசல் இன்ஜின் பிளாக்கை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். அவள் கிணற்றில் தண்ணீர் உண்டு. கரண்ட் இணைப்புதான் இன்னும் வரவில்லை; நிலக்கடலைக்கு இந்த இன்ஜின்தான் தண்ணீர் இறைக்கிறது.

"மல்லாட்டை விழுது எறங்குற நேரம்ணே. தண்ணி இல்லன்னா அத்தனையும் பொக்கு."

"என் கைக்கு வந்துட்டுதுல்ல? போய் சோறு துன்னுட்டுத் தூங்கு."

அந்த பிளாக் இப்போது கடையில் கிடைப்பதில்லை. உடைந்ததையே மணலில் பதித்துப் புதிதாக வார்க்க வேண்டும். வார்ப்படப் பட்டறை ராஜாங்கம் போனில் எச்சரித்தான்.

"இரும்பு ஆறுனா சுருங்கும்ணே. எல்லாப் பக்கமும் அட்டை ஒட்டிப் பருமனாக்கி அனுப்புங்க."

"எனக்கே பாடமா? நீ டவுசர் போடறதுக்கு முன்னாடியே லேத் ஓட்டுனவன்டா நான்."

பிஸ்டன் ஓடும் துளைக்குள் ஒட்டினார். மேல் முகத்துக்கும் அடி முகத்துக்கும் ஒட்டவில்லை. அசதி. வந்த வார்ப்பின் இரு முகத்தையும் சீவியதும் உயரம் குறைந்து, பிஸ்டன் மேலே முட்டியது. உயரத்தை ஈடுகட்ட மேல் மூடிக்கு அடியில் தடித்த பேக்கிங் வைத்தார். ஓட்டிய உடனே இன்ஜின் அதை ஊதித் தள்ளியது.

"மறுபடி வார்க்கலாம்ணே. ஆனா வேலை சேர்ந்தாத்தான் உலை மூட்டுவேன். பத்து பதினஞ்சு நாளாவும்" என்றான் ராஜாங்கம்.

அம்மாக்கண்ணு பட்டறை வாசலை விட்டு நகரவில்லை. "செடி வாடுது. தூங்கச் சொன்னியே, தூக்கம் எங்கேர்ந்து வரும்?"

வார்க்காமலே பிளாக்கைக் கடைந்தெடுக்கத் தனகோட்டி லேத்தைப் போட்டார். வார்ப்பு என்றால், ஊற்றும்போதே, சூட்டைத் தணிக்கத் தண்ணீர் சுற்றும் கூடும் உள்ளே அமைந்துவிடும். முழு இரும்பைக் கடைந்தால் அதன் வயிற்றுக்குள் உளி போகாது. அதனால் இரண்டாகச் செய்தார். பழைய இரும்பு உருளையைத் துளைத்து உள்குழல். தடித்த பைப்பைச் சீவி வெளிக்கூடு. நடுவே தண்ணீருக்கு இடைவெளி. இரு முனையிலும் ரப்பர் வளையம்.

மூக்கெல்லாம் கரும்பொடி. செஞ்சி மலைப்பாறையின் சூடு பட்டறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு முட்டியை ஸ்டூலில் மடித்து வைத்து, மற்றக் காலில் நின்று கடைந்தார்.

சோறு கொண்டுவந்த மனைவி அமிர்தவல்லிக்குப் பொறுக்கவில்லை. "இன்னா வீம்பு இது? முடியலன்னு சொன்னா தலையா போயிடும்?"

"போயிடும்டி."

தொண்டூரில் பிளாக்கைப் பூட்டி ஓட்டினார்கள். இன்ஜின் இருமியது, திணறியது, பிறகு சீராகப் பிடித்துக்கொண்டது. குழாயில் முதலில் துருத் தண்ணீர், அப்புறம் தெளிந்த தண்ணீர். அம்மாக்கண்ணு மண்வெட்டியோடு பாத்திக்கு ஓடினாள்.

தனகோட்டி அப்படியே வரப்பில் சாய்ந்தார்.

"செஞ்சியில இத வேற எவன் செய்வான்?" என்று கேட்டார்.

எல்லாரும் மடை திருப்பப் போயிருந்தார்கள். படுத்தபடியே இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகக் கேட்டார்.