பதினொன்று புள்ளி இரண்டு

அமுதவள்ளிக்கு மனிதர்களைவிட எண்களின் மேல்தான் நம்பிக்கை. அதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஓர் ஒற்றை அறையில் பிறந்தவள். அப்பா பால்பாண்டி பதினெட்டு வருஷம் ஏலச்செடிக்குப் பூச்சிமருந்தடித்துவிட்டு, ஒருநாள் வாயில் நுரை தள்ளிச் செத்தார். மாரடைப்பு என்று தோட்டத்தில் சொன்னார்கள். இல்லை என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அன்றிலிருந்து வாயால் சொல்கிறவர் எவரையும் அவள் நம்புவதில்லை. எழுதி வை, தேதி போடு என்பாள்.

எழுதி வைப்பதே பிழைப்பாகவும் ஆயிற்று. போடியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் பதிவேடு பார்க்கும் வேலை. அங்கே நோயாளிகளின் சரித்திரத்தில் பாதியைக் கரையான் படித்து முடித்திருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்றால், கம்பெனிக்காரன் சொன்ன விலையைக் கேட்டு டிரஸ்டிகளுக்கு வியர்த்துவிட்டது. அமுதவள்ளிதான் தேடித் தேடி ஒரு திறமூல மென்பொருளைப் பிடித்தாள். எந்தெந்த நாட்டுக்காரர்களோ சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருந்தார்கள். உள்ளே திறந்து பார்க்கலாம், வேண்டியதைச் சேர்க்கலாம், வேண்டாததை எடுக்கலாம். ஒன்றரை வருஷம் முட்டி மோதி அதைத் தமிழ் பேச வைத்தாள்.

அதில் அவளே சொந்தமாகச் சேர்த்தது ஒரு பக்கம். மருந்தடிக்கிறவர்களுக்கு மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. உடம்பில் விஷம் ஏற ஏற ஓர் எண் இறங்கும். ஓர் அளவுக்குக் கீழே போனால் அந்த ஆளின் வரிசை சிவப்பாகும். சிவப்பு விழுந்தவரை எண் ஏறும்வரை மருந்தடிக்க விடக்கூடாது, களை வெட்டத்தான் அனுப்ப வேண்டும். தோட்டத்துக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். களை வெட்டினால் கூலி குறைவு, அவர்களுக்கு என்ன நஷ்டம்?

ஒன்றை மட்டும் அவள் எடுத்தாள். ரத்தம் கொடுப்பவரைப் படம் பிடிக்கும் கட்டம். தோட்டத்து மருந்தறையில் ரத்தம் எடுக்கும் கம்பவுண்டர் தவசி, "ஆளுக்கு ஆளு போட்டோ புடிச்சுக்கிட்டிருந்தா எப்பம்மா வேலைக்கு விடுறது?" என்று அலுத்துக்கொண்டார். நியாயம்தானே என்று எடுத்துவிட்டாள்.

அவளுடைய தம்பி சின்ராசுவும் அப்பாவைப் போலவே மருந்தடிக்கிறவன். வைகாசியில் அவன் வரிசை சிவப்பானது. அவன் வேலையை அவளே நிறுத்தினாள். அவன் ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. அடுத்த மாதப் பரிசோதனையில் எண் நன்றாக ஏறியிருந்தது. அவனோடு சிவப்பாகியிருந்த மற்ற மூவருக்கும் ஏறியிருந்தது. நாலு பேரும் மறுபடி மருந்தடிக்கப் போனார்கள். அன்று அமுதவள்ளி மாரியம்மன் கோயிலில் சூடம் கொளுத்தினாள்.

நாலு நாள் கழித்து மாதக் கணக்கு எடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது. நாலு பேருக்கும் விஷத்தைக் காட்டும் எண் ஏறத்தாழ ஒரே அளவு. கூடவே சோதிக்கும் ரத்தச் சத்தான ஹீமோகுளோபின் நாலு பேருக்கும் பதினொன்று புள்ளி இரண்டு.

மென்பொருளில் கோளாறு, ஒருவருடைய எண்ணை மற்ற மூவருக்கும் நகலெடுத்துவிட்டது என்று முடிவு கட்டினாள். அந்தப் பக்கத்தை எழுதியவள் அவள். தன் கைவேலையில் ஓட்டை இருக்கும் என்று நினைக்கும் யோக்கியம் அவளுக்கு இருந்தது. தம்பியைச் சந்தேகப்படும் யோக்கியம் இல்லை.

டாக்டர் விஜயகுமாரிடம் சொன்னாள். அவர், "நாலு பேருக்கும் மறுபடி ரத்தம் எடுத்துடலாமே" என்றார்.

"கோளாறக் கண்டுபிடிச்சிட்டு எடுப்போம் சார். இல்லன்னா மறுபடியும் தப்பாத்தான் விழும்."

இந்த ஒரு வாக்கியத்தை அவள் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

பொய்ப் பெயர்களைப் போட்டு நூறு முறை சோதித்தாள். எல்லாம் சரியாகவே விழுந்தது. அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிப் பேசும் இணையதளத்தில் விவரத்தைப் போட்டாள். எங்கெங்கோ இருந்து பதில் வந்தது. அதைப் பார், இதை மாற்று என்றார்கள். எல்லாரும் நல்லவர்கள், முகம் தெரியாதவளுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நிரலை வரி வரியாகப் படித்தார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. தம்பிக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். அப்படியே எட்டு நாள் போனது.

ஒன்பதாம் நாள் காலையில் உகாண்டாவில் இதே வேலை பார்க்கும் ஒருவர் எழுதியிருந்தார்: "விஷ எண்ணின் கடைசி இலக்கம் நாலிலும் வேறு வேறாக இருக்கிறது. மென்பொருள் நகலெடுத்தால் அச்சு அசலாக எடுக்கும். இது ஒரே ஆளின் ரத்தத்தை நாலு குப்பியில் பிடித்தது போல இருக்கிறது. எங்கள் ஊரிலும் நடந்திருக்கிறது. உங்கள் ஆட்களிடம் கேளுங்கள்."

அமுதவள்ளி தம்பிக்குப் போன் போட்டாள். அவன் மனைவி தமிழ்செல்வி எடுத்தாள்.

"தமிழு, சின்ராசு எங்க?"

"மேல்காட்டுல மருந்தடிக்கிறாக மதினி. போனை வீட்டுல வச்சுட்டுப் போயிட்டாக."

"போன தடவ அவனுக்கு ரத்தம் குடுத்தது யாரு?"

தமிழ்செல்வி கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நாந்தேன் மதினி. நாலு பேருக்கும் நாந்தேன் குடுத்தேன். களவெட்டுக் கூலியில எப்படிக் காலந்தள்ளுறதுன்னு எல்லாருமா வந்து கேட்டாக. தவசியண்ணே காலுல விழுந்து..."

"எல்லாத்தையும் அப்புறம் பேசுவோம். வெரசா போயி அவன நிப்பாட்டு."

தமிழ்செல்வி ஓடினாள். அவள் போய்ச் சேரும்போது, டிரம்மில் இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றானாம். முடித்தான். மருந்து பீய்ச்சும் ஓஸைச் சுருட்டும்போது விழுந்தான். ஜீப்பில் போட்டு வளைவு வளைவாக இறக்கிக் கொண்டுவந்தபோது அவன் வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. போடியில் ஊசி போட்டுத் தேனிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் போய்விட்டான். முப்பத்து நாலு வயது.

பதினாறாம் நாள் காரியம் முடியுமுன்பே தோட்டத்து மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் சின்ராசுவின் பதிவு, அழகாக அச்சடித்து.

"விஷத்துல செத்தான், ஒத்துக்கிறோம். ஆனா அவன் விழுறதுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ரத்தம் சுத்தம்னு உங்க ரெக்கார்டே சொல்லுது. மருந்தடிச்சு அதுக்குள்ள இவ்வளவு ஏறாது. வீட்டுல ஏதோ சண்ட, எடுத்துக் குடிச்சிருக்கான்."

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். அப்பாவுக்கு இல்லாத சாட்சியை ஒன்றரை வருஷம் பாடுபட்டு அவள் உண்டாக்கியிருந்தாள். அது போய்த் தோட்டத்துக்காரன் பக்கம் நின்றது.

பதிவைத் திருத்தலாம். ஆனால் ரகசியமாகத் திருத்த முடியாது. பழையது அடியில் அப்படியே இருக்கும், யார் எப்போது ஏன் திருத்தினார் என்று எழுதியே ஆகவேண்டும். தமிழ்செல்வி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதாத மதினி. புருசனுக்குப் பாடை கட்டுனவன்னு எம் பிள்ளைகளே பேசும். அந்த மூணு பேருக்கும் சோலி போயிரும். நான் அந்த லயத்துல எப்படிக் குடியிருக்க?"

"எழுதலேன்னா அவன் தானாக் குடிச்சுச் செத்தவன் ஆயிருவான், தமிழு."

நாலு பதிவையும் திருத்தினாள். காரணத்தில், ரத்தம் இவருடையது அல்ல, சின்ராசுவின் மனைவியுடையது என்று எழுதினாள். அதன் கீழேயே, சந்தேகம் வந்தபின் எட்டு நாள் மென்பொருளைத் தேடிக்கொண்டிருந்தேன், ஆளைத் தேடவில்லை, என் தவறு என்றும் எழுதினாள். அந்தக் கட்டத்தில் அப்படியெல்லாம் எழுதத் தேவையில்லை என்றார் டாக்டர். அவள் அழிக்கவில்லை.

பலன் என்னவென்றால், செத்தவன் மோசடி செய்தான் என்று தோட்டம் புதுப்பாட்டுப் பாடியது. இழப்பீட்டு வழக்கு இன்னும் நடக்கிறது. தவசிக்கு வேலை போனது. மற்ற மூவரையும் மருந்தடிப்பதிலிருந்து நிறுத்தினார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் தமிழ்செல்வியோடு பேச்சை நிறுத்தினார்கள். படக்கட்டம் திரும்ப வந்தது. முகம் இல்லாமல் இனி ஒரு குப்பியும் ஏறாது.

மருந்தடிக்க ஆள் குறைந்ததால் தோட்டத்தில் பெண்களையும் ஓஸ் பிடிக்க எடுத்தார்கள். வேலைக்கு ஆள் இல்லாத வீடு லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். கைம்பெண்ணுக்கு அவர்கள் கொடுக்க முன்வந்த ஒரே வேலை அதுதான். தமிழ்செல்வி சேர்ந்தாள்.

முதல் மாதம் அவள் எண்தான் பட்டியலிலேயே உயரம். அடுத்த மாதம் கொஞ்சம் இறங்கியது. அதற்கடுத்த மாதமும் இறங்கியது. ஐந்தாம் மாதம் அமுதவள்ளி திரையைத் திறந்தபோது, தமிழ்செல்வியின் முகம் போட்ட வரிசை சிவப்பாக இருந்தது. உடனே போன் போட்டாள்.

"தமிழு, நீ நிறுத்திரு. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்கிட்ட வந்துரு."

"உன் ஒத்தச் சம்பளத்துல நாலு வயிறா மதினி? அது எத்தன நாளைக்கு?" என்றாள் தமிழ்செல்வி. கோபமில்லாமல்தான் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்கு நாலு பேருக்கு நான் குடுத்தேன். எனக்குக் குடுக்க யாரு இருக்கா?"

அமுதவள்ளி போனை வைத்தாள். அன்று சாயங்காலம் சிவப்புப் பட்டியலைத் தோட்டத்துக்கு அனுப்பினாள். அதில் தமிழ்செல்வியின் பெயரும் இருந்தது.