அக்காவின் வில்வப்பழ சர்பத்தும் நான் சுமத்திய பழியும்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் பலரும் அவரை ‘டெல்லி அக்கா’ என்றே அறிவீர்கள். அவர் பிறந்தது தென்காசிக்கு அருகே ஒரு சிற்றூரில். எங்கள் தந்தையார் மறைந்தபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பத்து. சுருக்கெழுத்துப் பரீட்சையில் தேறி, மத்திய அரசு வேலை கிடைத்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு டெல்லிக்கு ரயிலேறினார். அடுத்த பங்குனியிலேயே அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். என்னைப் படிக்க வைத்ததும், திருமணம் செய்து வைத்ததும் அவர்தான். அவருடைய கல்யாணத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், “முதல்ல இவன் ஒழுங்கா மூக்கச் சிந்தப் படிக்கட்டும்” என்பார். எனக்கு மீசை முளைத்த பிறகும் அதே பதில்தான்.

டெல்லி வெயில் எங்கள் ஊர் வெயில் போன்றதன்று. அனல்காற்று முகத்தில் அறையும். அந்த முதல் கோடையில் ஒருநாள் அக்கா அலுவலகத்திலிருந்து பெரிய விளாம்பழம் இரண்டோடு மகிழ்ச்சியாக வந்தார். பிள்ளையார் சதுர்த்திக்கு வெல்லம் போட்டுப் பிசைந்து தின்ற பழக்கம் அல்லவா? உடைத்துப் பார்த்தால் உள்ளே மஞ்சளாக இருந்தது. “வடக்கத்திப் பழம் இப்படித்தான் இருக்கும் போல” என்று அம்மா சொல்ல, வெல்லம் சேர்த்து, தண்ணீர் ஊற்றி, மத்தால் நன்றாகக் கடைந்துவிட்டார்கள். விதையெல்லாம் நசுங்கி ஒரே கசப்பு. பிசின் உதட்டில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க முடியவில்லை.

அப்போது வந்தவர்தான், இந்தியில் அக்கா என்ற பொருளில் நாங்கள் அழைக்கும் எங்கள் பெஹன்ஜி. அக்காவுக்கு அலுவலகத்தில் அடுத்த நாற்காலி, குடியிருப்பில் அடுத்த வீடு. எங்கள் கோலத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பழத்தின் காம்பில் ஒட்டியிருந்த மூன்று இலைக் கொத்தைக் காட்டி, இது ‘பேல்’ என்றார். அக்காவுக்கு அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. அது வில்வம்! சிவனுக்குச் சாத்துகிற மரத்தின் பழத்தையா மத்தால் கடைந்தோம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெஹன்ஜி அசரவில்லை.

“அரே, பத்தா பக்வான் கா, பல் ஹமாரா!” என்றார். இலை கடவுளுக்கு, பழம் நமக்கு.

அந்த ஞாயிறே அவர் செய்முறையைக் காட்டிக் கொடுத்தார். ஓட்டை உடைத்து, சதையைக் கரண்டியால் வழித்து, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிட வேண்டும். பிறகு விரலால் மட்டும் பிசைய வேண்டும். விதையில் கை அழுந்தக் கூடாது. அகலக் கண் சல்லடையில் தானாக இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது இந்தச் சர்பத்துக்குச் சொன்னதுதான் என்பார் அக்கா. பெஹன்ஜி சர்க்கரையும் கறுப்பு உப்பும் வறுத்த சீரகமும் போடுவார். அக்கா சர்க்கரையை எடுத்துவிட்டு வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்தார். பாதி பேல் சர்பத், பாதி பானகம். பெஹன்ஜி ஒரு வாய் குடித்துவிட்டு, அதன் பிறகு தம் வீட்டிலும் அப்படியே செய்யத் தொடங்கினார். நான் பெரியவனாகி மிக்ஸி வாங்கியபோது, ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை என்று பழத்தை அதில் போட்டு அரைத்தேன். அந்தக் கசப்பைப் பற்றி இங்கு எழுதாமல் இருப்பதே என் மரியாதைக்கு நல்லது.

வைகாசி, ஆனி வெயிலில் வரும் நிர்ஜலா ஏகாதசிதான் இவர்கள் இருவருக்கும் பெரிய நாள். அன்று விரதம் இருப்பவர்கள் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டார்கள். ஆனால் தெருவில் பந்தல் போட்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் குளிர்ந்த சர்பத் கொடுப்பார்கள். “இது என்னடே கூத்து! தொண்ட காயுத ஆளு அடுத்தவனுக்கு ஊத்துது!” என்று முதல் ஆண்டு வியந்த அக்கா, அடுத்த ஆண்டே கரண்டியோடு பந்தலில் நின்றார். ஓய்வு பெற்று டெல்லியின் முனிர்காப் பகுதியில் எதிரெதிர் வீடாக வாங்கிக்கொண்ட பிறகும் அது நிற்கவில்லை. குப்பை அள்ள வருகிறவர், ரிக்‌ஷாக்காரர், வாடகை அறை தேடி அலையும் நம் ஊர்ப் பிள்ளைகள், எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளர், ஒரே அளவு.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அக்காவின் சிறுநீரகங்கள் பழுதாயின. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நாளொன்றுக்கு முக்கால் லிட்டருக்கு மேல் எதையும் குடிக்கக் கூடாது, பழச்சாறு அறவே கூடாது என்றார் மருத்துவர். காவல் பொறுப்பை அதே வீட்டில் இருந்த நான் ஏற்றேன். நானும் ஆயுள் முழுக்க அரசு வேலையில் விதிகளைப் படித்தவன் அல்லவா? பாட்டிலில் கோடு போட்டு வைத்தேன். மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீரையும் அதில் கழித்தேன். ஒருநாள் நாக்கு உலர்ந்து அவர் பேச முடியாமல் இருந்தபோதும், “இன்னிக்கு உள்ளது முடிஞ்சுட்டு அக்கா” என்றேன். அன்பினால்தான் செய்தேன். ஆனாலும் அது கடுமையாகத்தான் இருந்தது.

சென்ற ஆண்டு ஏகாதசிக்கும் அக்கா என் தடையைப் பொருட்படுத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருபது பழங்களைப் பிசைந்தார். நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது, விரதத்தில் உதடு வெடித்திருந்த பெஹன்ஜி ஒரு கரண்டி சர்பத்தை அக்காவின் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். பந்தலில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் நான் கத்தினேன். “ஆப் மார் டாலேங்கி இன்கோ!” என்றேன். இவரைக் கொன்றுவிடுவீர்கள் என்று, அக்காவின் ஐம்பது ஆண்டுக்கும் மேலான சிநேகிதியைப் பார்த்து, எழுபது வயதான நான் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அக்காவுக்கு மூச்சுத் திணறியது. ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார், ஆறாம் நாள் இல்லை. உங்களில் யார் யார் தொலைபேசியில் அழைத்தீர்களோ, அத்தனை பேரிடமும் நான் சொன்னேன்: “எதிர்வீட்டு அம்மா சர்பத் கொடுத்துட்டா. அதுல வந்த வினை.” இறுதிச் சடங்கன்று பெஹன்ஜி எங்கள் மாடிப்படியிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை.

இனி எழுதப்போவது என் மனைவிக்குக்கூட நேற்று வரை தெரியாது. மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, வெகு நாளாகத் தளர்ந்திருந்த இதயம் நின்றுவிட்டது, ஒரு கரண்டி சர்பத்தால் ஆனதன்று என்று தெளிவாகச் சொன்னார். அதற்கும் முன்பே, மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள் காலையில் அக்கா என்னிடம் பேசினார்.

“அவள ஏசாதல. அவ மாட்டேன்னுதான் சொன்னா. இனிப்பு சரியா இருக்கான்னு பாக்கணும்னு நாந்தான் வாயத் தொறந்தேன்.”

“எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா அக்கா?”

“உங்கிட்டயா? நீ பாட்டிலல்லா எடுத்துப் பாப்ப!” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை ஓராண்டாக நான் மறைத்து வைத்திருந்தேன். துக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அடுத்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டால் சற்று மூச்சு விட முடிந்தது. அக்காவின் சொல்லையும் மீறி அப்படிச் செய்தேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய பிறகு, சென்ற வாரம் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். பெஹன்ஜிக்குத் தமிழ் தெரியாது. எழுதியதை நின்றுகொண்டே இந்தியில் சொன்னேன். பாதியில் கையமர்த்தி உள்ளே அழைத்து உட்கார வைத்தார். மருத்துவமனையிலிருந்து அக்கா அவருக்கும் தொலைபேசியில் பேசியிருக்கிறார். “என் தம்பி கொஞ்ச நாள் கோபமாக இருப்பான், பிறகு வருவான், நீ கதவைத் திற” என்றாராம்.

“சால் லகா தியா, பையா” என்றார் பெஹன்ஜி. ஓர் ஆண்டு ஆக்கிவிட்டாயே, தம்பி. நான் அழுதேன். அவரும் அழுதார்.

அக்காவை நான்கு ஆண்டுகள் ஊசி வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், விடியற்காலையிலும் முகம் சுளிக்காமல் வந்த ஆட்டோ ஓட்டுநருக்கும், தோள் கொடுத்துச் சுமந்த பக்கத்து அறைப் பிள்ளைகளுக்கும், ஊரிலிருந்து ஓடி வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆண்டு நினைவு நாளன்று வருகிறவர்களுக்கு வில்வப்பழ சர்பத் உண்டு, பெஹன்ஜி செய்கிறார். தொலைபேசியில் என் பேச்சைக் கேட்டவர்களை மட்டும் கைகூப்பி ஒன்று வேண்டுகிறேன். அதை யார் யாரிடம் சொன்னீர்களோ, அவர்களிடமெல்லாம் இதையும் சொல்லிவிடுங்கள். அக்கா கேட்டார், பெஹன்ஜி கொடுத்தார். கொடுக்காதவன் நான் ஒருவன்தான்.