கோபிசங்கரின்ர வானும் ஒரேயொரு சுவிச்சும்

"உந்தப் பற்றறி திரும்பவும் செத்துப்போச்சப்பா." இறுப்பிட்டிக் கோபிசங்கருக்கு ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் விடிஞ்சது. கட்டிலும் பிரிட்ஜும் பூட்டி, வெளிநாட்டால வாற சனத்துக்கு அவர் வாடகைக்கு விடுற வானின்ர பற்றறி அது.

கடைசியா, வான் சும்மா நிக்கேக்க பற்றறி இறங்காம நிப்பாட்டி வைக்கிற சுவிச் வாங்கப் போனார்.

"ரெண்டாப் போடுங்கோ அண்ணை. எஞ்சினுக்கு ஒண்டு, பிரிட்ஜுக்கு வேற ஒண்டு" எண்டான் கடைக்காரன்.

"என்ர வீட்டுக்கே ஒரு மெயின் சுவிச்தான். வானுக்கென்ன ரெண்டு?" எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு ஒண்டோட வந்திட்டார்.

பிறகு, லண்டனால வந்த இலட்சுமிப்பிள்ளையக்காவை நயினாதீவுக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். குறிகட்டுவான் துறையில வானை விட்டிட்டுப் படகேற வேணும். வீட்டைப் பூட்டி வெளிக்கிடேக்க மெயினை நிப்பாட்டுற எங்கட பழக்கத்தில, வானிலயும் அந்த ஒரேயொரு சுவிச்சை நிப்பாட்டிப்போட்டுப் போனார். பின்னேரம் வந்து பிரிட்ஜைத் திறந்தா, அக்காவின்ர இன்சுலின் வெந்துபோய்க் கிடக்கு.

"பரவாயில்லைத் தம்பி, ஆசுப்பத்திரியில கேட்டு எடுப்பம்" எண்டா அவ. ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பார். ஆசுப்பத்திரி போய்ச் சேருமட்டும் அவர் அவவின்ர முகத்தைப் பாக்கேல்லை.

மனுசி பவதாரணி விடுவாவே? "கடைக்காரன் சொல்லேக்க உங்கட காதின்ர மெயினையும் நிப்பாட்டியிருந்தனீங்களோ?"

அடுத்த நாளே தலையைக் குனிஞ்சு போய் ரெண்டாவது சுவிச்சை வாங்கிப் பூட்டினார். இப்ப பிரிட்ஜ் தன்ரபாட்டில ஓடுது. ஆனா வெக்கத்தில ஆரையும் ஏத்த மாட்டனெண்டு வீட்டுக்கையே கிடக்கிறார். இறுப்பிட்டிப் பக்கம் போறனீங்கள் ஒருக்கா அவரைப் போய்ப் பாருங்கோ, வானை வாடகைக்குக் கேளுங்கோ.