கொரியா பிரதரின் குரல் போனது தூசியால் அல்ல

சகோதர சகோதரிகளே, நான் மூணாங்கிளாஸ் தாண்டாதவன். மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு நின்றவன், இன்றைக்கு அதே உப்பளத்தில் பதினாறு ஏக்கருக்கு முதலாளி. நம் சபைக்குச் சுவர் எழுப்பியது நான். சுனாமியில் போன வரப்புகளை, யாரும் உதவிக்கு வருவதற்கு முன்னால், நானே மண்வெட்டி பிடித்துத் திரும்பப் போட்டேன். வாத்தியார் இல்லாமல் பாடக் கற்று, முப்பது வருஷம் சபையில் முதல் குரல் கொடுத்தேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எழுதவே கை கூசுகிறது.

2005 ஏப்ரலில் கிம் பிரதர் வந்தார். கொரியாக்காரர். கதை முழுவதையும் பாட்டாகவே நடிக்கிற பெரிய மேடைகளில், மைக் இல்லாமல் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி பாடுகிறவர். ஜெர்மனி, இத்தாலி என்று பாடப் போவார். அமெரிக்காவில் காலேஜில் பாட்டு சொல்லிக்கொடுப்பார். சுனாமியில் வீடிழந்த நம் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் பாட்டு சொல்லித்தர வந்தார்.

இரண்டாவது வாரம் அவருக்குத் தொண்டை கம்மியது. "மூணு நாள் பேசாம இருந்தா சரியாயிடுமாம்" என்று, அவர் பேச்சை நமக்குச் சொல்லும் எஸ்தர் டீச்சர் சொன்னாள். நானோ கூனிமேடு, அனுமந்தை வரைக்கும் ஆட்டோவில் மைக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை அவர் பாடுவார் என்று சொல்ல வைத்திருந்தேன். அழைப்பது நான் என்று என் பெயரையும் சொல்ல வைத்திருந்தேன்.

உப்பு வாரின பிறகு பாத்தியில் மிஞ்சி நிற்குமே கசப்புத் தண்ணீர், அதைக் காய்ச்சினேன். என்னிடம் வேலை செய்யும் நம் சபை அஞ்சலை தடுத்தாள்.

"அது நம்ம காலையே வெடிக்க வெச்சிடுது. அதப் போயி அவரு தொண்டையில ஊத்தப் போறீங்களா?"

"நாப்பது வருஷமா நான் கொப்பளிக்கிறது இதுதான்."

"உங்க தொண்டை பாத்தி வரப்புங்க. மிதி வாங்கி கெட்டியானது. அவருது அப்படியா?"

நான் கேட்கவில்லை. பெரியவர் கொடுக்கிறாரே என்று கிம் பிரதரும் மறுக்கவில்லை. மூன்று தடவை கொப்பளித்தார். கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலையில் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

தொண்டைக்குள் நன்றாக வீங்கியிருக்கிறது, எப்போது சரியாகும் என்று சொல்ல முடியாது என்றார் பாண்டிச்சேரி டாக்டர். மூன்று வாரத்தில் ஜெர்மனியில் அவர் பாட வேண்டும். "அங்க பாடலைன்னா வேற ஆளப் போட்டுடுவாங்களாம். குரல் போச்சுன்னு பேர் வந்துட்டா, அப்புறம் எங்கயும் கூப்பிட மாட்டாங்களாம்" என்று எஸ்தர் டீச்சர் அழுதாள்.

எப்படி ஆச்சு என்று பாஸ்டர் கேட்டார். கிம் பிரதர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். டீச்சர் படித்தாள்: "உப்பளத்துத் தூசி ஒத்துக்கலையாம்." அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. தூசி செய்த கெடுதலை மாற்றும்படி சபையே ஜெபித்தது. முன்னால் நின்று ஆமென் சொன்னவன் நான்.

அன்று மத்தியானம் உப்புக் குவியலுக்குப் பின்னால் முழங்கால் போட்டேன். ஜெபம் பண்ணுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அன்றைக்கு வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, நான்தான். அவருக்குத் திருப்பிக் கொடும்" என்று மட்டும் சொன்னேன். மூன்று நாள் சாப்பிடவில்லை. மூன்று மத்தியானமும் அதே வார்த்தைதான். ஒன்றும் நடக்கவில்லை.

குரல் போன எட்டாம் நாள் பிள்ளைகள் பாடும்போது சுதி தப்பியது. பழக்கத்தில் அவர் வாய் திறந்து சரியான சுதியைப் பாடிவிட்டார். பாடிவிட்டு, பயந்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு மெதுவாக இன்னொரு தடவை பாடினார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்றிலிருந்து சபையில் முதல் குரலை, தடுத்துச் சொன்ன அஞ்சலைக்கே விட்டுக்கொடுத்தேன், நான் பின்பாட்டு. ஆனால் உண்மையை மட்டும் சொல்லாமல் ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன்.

போன ஞாயிறு அவர் கடிதத்தைப் பாஸ்டர் வாசித்தார். போன வருஷமே, குறித்த நாளில், ஜெர்மனியில் பாடிவிட்டாராம். போகிற சபையிலெல்லாம், உப்பளத்துத் தூசியில் குரல் போனது, ஒரு சபை ஜெபித்தது, திரும்பி வந்தது என்று சொல்கிறாராம். நீங்கள் கை தட்டினீர்கள். என்னால் உட்கார முடியவில்லை.

எதையாவது ஒளித்து வைத்திருக்கிறவர்கள் ஆண்டவரிடம் போங்கள். என்னை மாதிரி வீம்புக்காரனுக்கே காது கொடுத்தவர், உங்களைத் தள்ளமாட்டார்.

பாஸ்டர் ஐயா, பதில் கடிதத்தில் என் பங்கை எழுத வேண்டும். தூசி என்று இனி யாரும் சொல்லக் கூடாது. அந்தத் தண்ணீரைக் காய்ச்சியது மூப்பர் தேவராஜ். மூன்று நாள் பட்டினி கிடந்து கேட்டதும் மூப்பர் தேவராஜ்தான். ஒன்றை எழுதி மற்றதை விட்டுவிடாதீர்கள்.