றஹ்மா கொண்டுவந்த பேர்

றஹ்மாவும் நானும் கரையோரத்து மீன்வாடி ஒன்றில் கருவாடு காயப்போடுகிறோம். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு எங்கள் ஊருக்கு வந்தபோது அவள் சின்னப் பிள்ளை. அந்த நாட்களில் ஒருமுறை, நாங்கள் கடல்பன்றி என்று சொல்லும் கடற்பசு ஒன்றைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். அவள் அதை "ஆவுளியா" என்றாள்.

"அவுலியாமார்ர பேரயா இதுக்கு வைக்கிற?" என்று பக்கத்து வீட்டு மர்ளியா கேட்க, எல்லோரும் சிரித்தோம். அவுலியா என்றால் எங்களுக்கு இறைநேசர்கள். 'ஆ' என்றால் பசு, குட்டிக்குப் பால் கொடுப்பதால் அந்தப் பேர் என்று அவளுடைய வாப்பா சொல்வாராம். அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது. அன்றிலிருந்து நாங்கள் அவளையே ஆவுளியா என்று கூப்பிட்டோம்.

ஆனால் பேர் பரவியது. பன்றி என்ற சொல்லை எங்கள் வீடுகளில் எடுப்பதில்லை. அதனால் அந்த இறைச்சியும் உள்ளே வந்ததில்லை. பேர் மாறியதும் சிலர் வாங்கிச் சமைத்தார்கள். பிறகு வெளியூரான முந்தலிலிருந்தும் ஆவுளியா கேட்டு ஆள் வந்தது. அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம், அகப்பட்டால் மறியலில் அடைப்பார்கள் என்று தெரிந்தும் யாரும் நிறுத்தவில்லை. யாராவது வாங்க வரும்போதெல்லாம், தான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்பாள் றஹ்மா.

போன மாதம் ஒரு காலை, அவளுடைய போன் அடித்தது. கையெல்லாம் உப்பு என்பதால் சத்தமாகப் போட்டுவிட்டுக் கேட்டாள். கடலிலிருந்து மருமகன் ரிஃபாஸ்.

"மாமி, வலையில ஆவுளியா ஒண்டு. உசிரோட இரிக்கி. கரையில வாங்க ஆள் நிக்கிது."

அந்த வலை மகள் ஷம்லாவின் சங்கிலியை விற்று வாங்கியது. ஷம்லா இப்போது நிறைமாதம். பக்கத்து ஒழுங்கையில் ஒருவர் இதற்காகவே உள்ளே போனதை எல்லோரும் பார்த்தோம். றஹ்மா கவிழ்த்த கூடையில் உட்கார்ந்தாள்.

"வலைய வெட்டி விடு மகன்."

"மாமி, வலை போனா நாம என்ன செய்ற?"

"வலைய நான் முடிஞ்சி தாறன். மறியலுக்குச் சோறு கட்ட என்னால ஏலா."

ரிஃபாஸ் வெட்டிவிட்டான். ஒரு ஆள் நுழைந்து போகக்கூடிய ஓட்டையோடு வலை வந்தது. வாடி வேலை முடிந்ததும் தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து கண்ணி முடிகிறாள். பாதிகூட அடைபடவில்லை. வலை இல்லாத வீட்டில் அவளுடைய கூலியில்தான் உலை கொதிக்கிறது.

நேற்று மர்ளியா வேலிக்கு அப்பால் நின்று, "என்ன ஆவுளியா, இன்னும் முடியல்லையா?" என்று கேட்டாள்.

றஹ்மா நிமிரவில்லை.

"வந்து மத்தப் பக்கத்தப் புடி," என்றாள்.

மர்ளியா வந்து பிடித்தாள்.