அண்ணன் போன பிறகும் வளர்ந்தவை

செல்களை வளர்க்கும் அந்த இன்குபேட்டர் பெட்டியின் கதவைத் திறந்தால் முகத்தில் படும் வெதுவெதுப்பு ஓர் ஆளின் மூச்சைப் போலவே இருக்கும். உடம்புச் சூட்டிலேயே வைத்திருப்போம். தொண்ணூறுகளின் நடுவில், பூந்தமல்லிப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். வாய்ப்புற்றுக் கட்டிகளிலிருந்து எடுத்த செல்களைத் தட்டுகளில் வளர்த்து, வெங்காயத் தோலில் இருக்கும் ஃப்ளேவனாய்டு என்ற மஞ்சள் பொருள் அவற்றை என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டியவர். வருஷக்கணக்காகப் புகையிலை அடக்கிய கன்னத்திலேயே அவருக்குப் புண் வந்தது. எங்கள் கல்லூரியில்தான் காட்டினார். கட்டியில் ஒரு துணுக்கை டாக்டர் ஆய்வுக்குக் கேட்டபோது, "எட்துக்கோங்க சார், எனக்கு இன்னாத்துக்கு அது?" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது வாசலில் நிற்பார்.

"இன்னாம்மா, என்னுது சாவுதா?"

"சாவுதுண்ணே. ஆனா தட்டுலதான்."

முதல் பாதிதான் அவர் காதில் விழுந்தது. அண்ணி வெங்காயத் தோலை வேகவைத்து வடிகட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். அது வேறு, இது வேறு என்று அந்த முகங்களைப் பார்த்து என்னால் அழுத்திச் சொல்ல முடியவில்லை. நோய் கழுத்தில் முடிச்சு முடிச்சாக இறங்கி முதலில் குரலை எடுத்தது. ஆடியில் அவரையும் எடுத்தது.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணி ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்தார். செல்கள் ஒன்றையொன்று தொட்டபடி தட்டு நிறையப் பரவியிருந்தன.

"அவரு பூட்டாரு. இது இன்னும் உயிரோட கீதா?"

"அது அண்ணன் இல்ல அண்ணி. அவர் நோய்."

"அவரு ஒடம்புதானே?" நிமிராமலே கேட்டார். "கொன்னுடு கண்ணு. எல்லாத்தையும்."

கதவு வரை போய்த் திரும்பினார்.

"ஒன்னு மட்டும் இருக்கட்டும்."

மறுநாள் தட்டுகளில் அந்த வெங்காயத் தோல் பொருளின் கரைசலை விட்டேன். மூன்றாம் நாள் செல்கள் சுருங்கி, உருண்டு, மிதந்தன. ஒரு தட்டில் மட்டும் விடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றை அப்படியே வைப்பது எங்கள் வழக்கம்தான். அன்று நான் வைத்தது அதற்காக இல்லை. சோதனை முடிந்த பிறகும் அதற்கு மட்டும் ஊட்டக் கரைசல் மாற்றிக்கொண்டிருந்தேன்.

தெருவில் எதிர்ப்பட்டால் அண்ணி குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கி அதுக்கு எதனா குட்தியா?" என்பார். கொடுத்தேன் என்பேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு பகல் முழுக்கக் கரண்ட் இல்லாமல் அந்தத் தட்டில் இருந்தவையும் செத்தன. அதன் பிறகும் அண்ணி கேட்டார். கொடுத்தேன் என்றே சொன்னேன்.