மச்சாள் ஆறுதலாகப் பெற்ற பிள்ளை

மருதனார்மடம் சந்தையில் போன கிழமையும் ஒருத்தி கேட்டாள். கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே, மச்சாளின் கையைப் பிடித்து நின்ற சிறுமியைப் பார்த்து, "பேத்தியோ?" என்றாள். இந்த எண்பத்தோராம் ஆண்டில் மச்சாளுக்கு நாற்பத்தைந்து வயது. தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. சிறுமிக்குப் பதினொன்று. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மச்சாளோ, "இல்லை, மகள். கொஞ்சம் ஆறுதலா, பிந்திப் பெத்தனான்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயில் புழு இருக்கிறதா என்று பார்த்தார்.

அந்தப் பதிலில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று காய்காரிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

மச்சாளின் பெயர் மீனாம்பிகை. என் அண்ணை கனகலிங்கத்தின் மனைவி, அரசாங்க மருத்துவிச்சி. அவர் இந்த வேலைக்கு வந்ததே ஒரு சாவினால்தான். ஐம்பத்தாறாம் ஆண்டு அவருடைய தமக்கைக்குப் பிள்ளைப்பேறு வந்தபோது, அவர்கள் ஊர் மருத்துவிச்சி தானே ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி. எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாச்சி இன்னொருத்தியின் பேற்று வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. வைத்தால் இரண்டில் ஒரு பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். ஆகவே அந்த மருத்துவிச்சியை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அவர் இருந்தார். இரத்தம் நிற்காமல் தமக்கை போய்விட்டார், பிள்ளையும் போய்விட்டது.

மச்சாள் அந்த ஆத்திரத்தோடு போய்ப் படித்தார். அறுபத்தோராம் ஆண்டு எங்கள் ஊருக்கு நியமனம், அதே ஆண்டு கலியாணம். ஊரின் நான்கு குறிச்சிக்கும் அவர் ஒருத்திதான். கலியாணத்துக்கு முன்னமே அண்ணையிடம் சொல்லிவிட்டாராம், துணைக்கு இன்னொரு மருத்துவிச்சியைப் போடும்வரை தனக்குப் பிள்ளை வேண்டாமென்று. தன் வயிறு பெருத்தால் நான்கு குறிச்சியின் கதவும் தனக்குச் சாத்தப்படும், அந்த நேரம் பார்த்து இன்னொரு வீட்டில் தன் தமக்கைக்கு நடந்தது நடக்கும் என்ற பயம். அண்ணை தோட்டக்காரர், அதிகம் கதைக்காதவர். "உமக்குச் சரியெண்டால் எனக்கும் சரி" என்றாராம். எப்படித் தள்ளிப்போட்டார்கள் என்று என்னைக் கேட்கக்கூடாது. மருத்துவிச்சிக்கு வழி தெரியாதா என்ன.

இன்னொரு மருத்துவிச்சி வந்தபாடில்லை. மச்சாள் மனு மேல் மனு எழுதினார். எங்கள் வீட்டிலேயே குடியிருந்து, சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் மற்றவர்களின் பிள்ளைகளைக் கையில் ஏந்தினார். ஊர் அவரை மலடி என்றது. நானும் சொன்னேன். கலியாணம் முடித்த அடுத்த வருடமே ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்ட திமிர் எனக்கு. அவர் காதில் விழும்படியாகவே ஒருநாள் சொன்னேன். அவர் என் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் அம்மா சின்னாச்சி மலடி என்று சொல்லவில்லை. விரதம் பிடித்தார். ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறு நாளும் பச்சைத் தண்ணீரைத் தவிர வாயில் எதுவும் வைக்கமாட்டார். மருமகளுக்குப் பிள்ளை வேண்டும் என்று முருகனிடம் வேண்டுதல். "வேண்டாம் மாமி, உங்கடை உடம்பு தாங்காது" என்று மச்சாள் ஒவ்வொரு வருடமும் மன்றாடுவார். மருமகளுக்குத் தன்னில் எவ்வளவு அன்பு என்று அம்மா நெகிழ்ந்துபோய் இன்னும் கடுமையாகப் பிடிப்பார். இப்படி ஐந்து வருடம்.

ஆறாவது வருடம், ஐந்தாம் நாள், அம்மா கிணற்றடியில் விழுந்துவிட்டார். மச்சாள்தான் தூக்கிவந்து பாயில் கிடத்தி, நாடி பார்த்து, இளநீரை வாயருகே கொண்டுபோனார். அம்மா வாயை இறுக்கிக்கொண்டார்.

"நாளைக்குச் சூரன்போர். இன்னும் ஒரு நாள்தான். உனக்காகத்தானே பிடிக்கிறன், பிள்ளை."

மச்சாள் இளநீரைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். தமக்கையின் சாவு, அண்ணையோடு செய்த முடிவு, கிடப்பில் கிடக்கும் மனுக்கள், எல்லாம். நான் அடுப்பை ஊதுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆறு வருசமா என்னைப் பட்டினி கிடக்க விட்டனீ," என்றார் அம்மா.

"ஒவ்வொரு முறையும் வேண்டாம் எண்டு சொன்னனான், மாமி."

"ஏன் எண்டு சொன்னனியோ?"

மச்சாள் காரணத்தைச் சொல்லியிருக்கவில்லை. அது அவர் செய்த பிழைதான், இன்றைக்கும் ஒப்புக்கொள்வார். அம்மா விரதத்தை முடித்தார். அதன் பிறகு இரண்டு கிழமை மருமகளின் கையால் தேத்தண்ணி வாங்கவில்லை. வீடு செத்த வீடாகக் கிடந்தது.

ஒருநாள் வெங்காயத்தின் தாளை வெட்டிக்கொண்டிருந்த அம்மா, தலை நிமிராமல் கேட்டார்.

"வயிறு வந்தால் உன்னை உள்ளை விடமாட்டினம் எண்டதுதானே பயம்?"

"ஓம், மாமி."

"அதை என்னட்டை விடு. நீ பெறு. முப்பத்தொண்டு ஆகுது உனக்கு."

அம்மா என்ன செய்யப்போகிறார் என்று எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் மச்சாள் நம்பினார்.

பிள்ளை உடனே வரவில்லை. ஒரு வருடம் போனது, அடுத்ததும் போனது. எவருடைய வீட்டிலும் பதறாத மச்சாள், மாதம் தவறாமல் தலைமுழுகும் நாட்களில் என் முகத்தைப் பார்க்கமாட்டார். காலம் கடத்திவிட்டோமோ என்ற கேள்வி அவரைத் தின்றது. மலடி என்று நான் சொன்ன வாய்க்கு அப்போதுதான் வெட்கம் வந்தது. அறுபத்தொன்பது ஐப்பசியில் அவர் தலைமுழுகவில்லை. கார்த்திகையிலும் இல்லை. அண்ணை தோட்டத்துக்குப் போகாமல் வாசல் படலையடியில் சும்மா நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் அப்போது வயிற்றில் மூன்றாவது பிள்ளை. எழுபது மாசியில், காலை பத்து மணிக்கு நோ எடுத்தது. மச்சாளுக்கு ஐந்து மாதம். அயல் பெண்கள் வந்து கூடிவிட்டார்கள். பக்கத்து வளவுத் தங்கமுத்து வாசலிலேயே நின்றார். பிள்ளை கால் மாறிக் கிடந்தது, எனக்கே தெரிந்தது. வெளியே மச்சாள் பையோடு நிற்பதும், அவரை உள்ளே விடக்கூடாது என்று ஆளாளுக்குச் சொல்வதும் கேட்டது. உண்மையைச் சொன்னால், எனக்கும் பயம்தான். என் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்றுதான் நானும் நினைத்தேன்.

"சின்னாச்சி, ரெண்டு வயித்தோடை விளையாடாதை," என்றார் தங்கமுத்து.

அம்மா கதவைத் திறந்தார். "உள்ளை கிடக்கிறது என்ரை மகள். வெளியிலை நிக்கிறது என்ரை மருமகள். ரெண்டு வயித்திலையும் இருக்கிறது என்ரை பேரப்பிள்ளையள். நட்டம் வந்தால் முழுக்க எனக்குத்தான். உங்களுக்கென்ன?"

அம்மா மச்சாளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். மச்சாள் என் நெற்றியில் கை வைத்து, "நான் வந்திட்டன், குணம். இனிப் பயமில்லை" என்றார். அந்தக் கை பட்டதும் என் பயம் போன இடம் தெரியவில்லை. ஒன்றரை மணித்தியாலத்தில், கால் முன்னாக, என் மகன் பிறந்தான். அவன் அழுத சத்தம் கேட்டு வாசலில் நின்றவர்கள் மெல்லக் கலைந்தார்கள்.

பிள்ளை பெற்ற வீட்டின் முப்பத்தொரு நாள் துடக்குக் கழியும் முன்னமே தங்கமுத்துவின் மகன் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையில் வந்து நின்றான். அவன் மனைவிக்கு நோவாம். தாய்தான் மருத்துவிச்சியைக் கூட்டிவரச் சொன்னாராம். அதன் பின் யாரும் கதவைச் சாத்தவில்லை. எட்டாம் மாதம்வரை, அண்ணையின் சைக்கிளில் பின்னால் இருந்தபடி, மச்சாள் பதினான்கு பேற்று வீடுகளுக்குப் போய்வந்தார். பதினான்கு தாயும் பதினான்கு பிள்ளையும் சுகம்.

அவருடைய முறை ஆடியில் வந்தது. முப்பத்துநான்கு வயதில் முதல் பேறு என்பதால் மானிப்பாய் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்மாவும் நானும் வெளியே மர வாங்கில் இருந்தோம். பெண் பிள்ளை பிறந்தது. விபரம் பதிய வந்த இளம் தாதி, வயதையும் கலியாணமான ஆண்டையும் கேட்டு எழுதிவிட்டுப் பேனையை நிறுத்தினாள்.

"ஒன்பது வருசத்துக்குப் பிறகு முதல் பிள்ளையோ? இவ்வளவு காலமும் என்னம்மா செய்தவ?"

மருமகளுக்காக ஆறு கந்தசஷ்டி பிடித்த என் அம்மா வாங்கிலிருந்து எழும்பி நின்றார்.

"அவளுக்கு வேலை இருந்தது, பிள்ளை," என்றார்.